அப்பா மாட்டி வைத்த சீட்

தார்ப்பாயின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான் திருமுருகன். அது காரின் பக்கக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. இன்னொரு இழுப்பு. டர்ரென்று எங்கோ கிழிந்த சத்தம் கேட்டது. கேட்கட்டும். அதற்காகத் திட்டக்கூடிய ஒரே ஆள் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"டேய் திரு, இன்னும் வண்டியவே வெளிய எடுக்கலையா நீ?" பந்தல் காலில் சாய்ந்தபடி சித்தப்பா அழகேசன் குரல் கொடுத்தார். செத்தவரின் ஒரே தம்பி. காலையிலிருந்து எல்லாவற்றையும் அவர்தான் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். "ராகு காலத்துக்கு முன்னாடி எடுத்தாகணும். சுடுகாட்டுல நேரம் சொல்லி வெச்சுகீது. தவறுச்சுன்னா வேற யாருனா பூந்துக்குவான். அப்பால நாம வெயில்ல குந்தினு கெடக்கணும்."

"இதோ கெளம்பிட்டேன் சித்தப்பா."

"ஒரு ஆட்டோ புடிச்சு, கொழந்தைய மடியில வெச்சினு வாம்மான்னு உம் பொண்டாட்டிக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சிது. இதுக்குப் போயி இம்மாந்தூரம் வண்டிய எடுத்துகினு. நீயெல்லாம் மடியில வந்தவன்தான்டா. இன்னா கொறஞ்சிட்ட?"

திருமுருகன் தார்ப்பாயை முழுதாக இழுத்துப் போட்டான்.

நேற்று சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்த அப்பா மனோகரன், நெஞ்சு ஒரு மாதிரி பிசைகிறது என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா சுலோசனா தண்ணீர் மொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தகவல் வந்ததும் வானகரம் அடுக்ககத்திலிருந்து திருமுருகன் பைக்கில் பறந்து வந்துவிட்டான். மனைவி நிஷாவும் ஐந்து மாதக் குழந்தை பவ்யாவும் அங்கேயே இருந்தார்கள். காலையில் நிஷா கால் டாக்சிக்குச் சொல்லியிருக்கிறாள். முதல் வண்டியில் பின்சீட் பெல்ட்டே வெளியில் தெரியவில்லை. இரண்டாவது டிரைவர், குழந்தை சீட்டை மாட்டும்வரை நிற்க முடியாதென்று போய்விட்டான்.

அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். விடிந்ததிலிருந்து வாயைத் திறக்காதவள் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

"பவ்யா நெய்ப்பந்தம் புடிக்காம அவர இந்த ஊட்டுலேருந்து எடுக்கக் கூடாது."

பேரப்பிள்ளைகள் நெய்யில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றிக் கொளுத்தி, பிணத்தைச் சுற்றி வரவேண்டும். மனோகரனுக்கு இருப்பது ஒரே பேத்தி. எனவே அவள் வந்தாக வேண்டும். எனவே அப்பாவின் கார். எனவே இந்தத் தார்ப்பாய்.

அதை உருட்டி எறிந்துவிட்டுப் பின்கதவைத் திறந்தான்.

திறந்த கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

பின்சீட்டில், ஜன்னலோரமாக, ஒரு குழந்தை சீட் இருந்தது. புத்தம் புதியது. சாம்பல் நிறம். காரின் பெல்ட் அதன் குறுக்கே விறைப்பாக ஓடிக் கீழே கொக்கியில் பூட்டியிருந்தது. போதாதென்று ஒரு நைலான் கயிறு, சீட்டின் முதுகைச் சுற்றி, மேலே தலைசாய்க்கும் கட்டையோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கறுப்பு ரெக்சின் சீட் கவர் அறுக்கப்பட்டிருந்தது.

அப்பாவின் சீட் கவர்.

அந்த கவருக்காகத்தான் அன்றைக்கு அத்தனையும் நடந்தது. அம்பத்தூரில் நிஷாவின் அம்மா வீட்டிலிருந்து, குழந்தையை முதன்முதலாகப் பட்டாபிராமுக்கு அழைத்து வரும் நாள். மனோகரன் காரைக் கழுவிச் சந்தனப் பொட்டு வைத்துக் கொண்டு வந்திருந்தார். வாங்கி எத்தனையோ வருஷமாகியும் கதவில் ஷோரூம் பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காத கார் அது. திருமுருகன் தான் வாங்கி வைத்திருந்த குழந்தை சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். மாட்ட முடியவில்லை. பின்சீட் பெல்ட்டின் கொக்கிகள் ரெக்சினுக்கு அடியில் புதைந்து கிடந்தன. கவரை அறுக்க வேண்டும் என்றான்.

"எதுக்கு?" என்றார் மனோகரன். "உங்கம்மா மடி எதுக்குக் கீது? மொத தபா எம் பேத்தி எங்க ஊட்டுக்கு வர்றா. மடியில வெச்சு இட்டார்றதுதான் மொற. இப்படிக் கட்டிப்போட்டு இட்டார்றதுக்கு அவ இன்னா கைதியா?"

சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் திருமுருகனைச் சுட்டது.

"டேங்க் ஃபேக்டரியில இருந்தா எல்லாம் தெரிஞ்சிடுமாப்பா? உங்களுக்கு சீட் கவர் முக்கியம். எனக்கு எம் பொண்ணு உசுரு முக்கியம். உங்க வண்டி வேணாம், விடுங்க."

மனோகரன் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் அப்படியே காலியானது. திருமுருகன் வாடகைக் கார் பிடித்து, சீட்டை மாட்டி, மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு நேராக வானகரத்துக்குப் போனான். பட்டாபிராம் வாசலில் ஆரத்தி கரைத்து வைத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் காத்திருந்ததெல்லாம் பிறகுதான் தெரிந்தது. சந்தனப் பொட்டு வைத்த கார் வெறும் பின்சீட்டோடு திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு ஒருமுறை அப்பா போன் செய்தார். அவன் மீட்டிங்கில் இருந்தான். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சத்தத்தை அமுக்கினான். அந்த அப்புறம் வரவேயில்லை.

பவ்யா இன்றைக்கு வரை இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை.

"பாத்துட்டியா நைனா?"

பின்னால் சுப்பராயன் நின்றுகொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர். ஆவடி ராணுவ டேங்க் ஃபேக்டரியில் மனோகரனோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்தவர். தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இது எப்ப வாங்கினாரு மாமா?"

"அது கீது, ரெண்டு மூணு வாரம். என்னைப் படுத்தின பாடு கீதே. கவர நான் அறுத்துத் தரேண்டான்னேன். உனக்குக் கை நடுங்கும்னுட்டு அவரே அறுத்தாரு. ஓரத்த மடிச்சி, ஊசி நூல வெச்சுகினு ஒரு நாள் பூரா குந்தித் தெச்சாரு."

திருமுருகன் குனிந்து பார்த்தான். அறுத்த விளிம்பு நூல் பிரியாமலிருக்க உள்பக்கம் மடித்துத் தைத்திருந்தது. கறுப்பு ரெக்சினில் வெள்ளை நூல். ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு நீளம்.

"அத்தோட உட்டாரா? முந்தாநேத்து அரிசி மூட்டைய அதுல குந்த வெச்சி, வாரு போட்டு, பருத்திப்பட்டு ஏரி வரிக்கும் ஊர்வலம். வண்டிய நான் ஓட்டணும். அவரு மூட்டைக்குப் பக்கத்துல. 'பிரேக் அடி சுப்பு'ன்றாரு. அடிச்சேன். 'இன்னாடா தடவுற, லாரி குறுக்க வந்தா இப்படித்தான் தடவுவியா'ன்றாரு. சர்தான் போன்னு ஏறி மிதிச்சேன். அவரு மண்ட முன் சீட்டுல போய் மோதிக்கிச்சு. மூட்ட அசையல. நெத்தி பொடைச்சிகினு நிக்குது, மனுசன் சிரிக்கிறாரு."

அப்பாவின் நெற்றியில் அந்த நீலம் பாரித்த வீக்கத்தை அவன் பார்த்திருந்தான். நாற்காலியிலிருந்து சரிந்தபோது பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இந்த ஞாயித்துக்கிழம வானகரம் வந்து, உங்க ஊட்டு வாசல்ல வண்டிய நிறுத்தி, கதவத் தொறந்து காட்டணும்னு இருந்தாரு. அதுக்குள்ள வாயத் தொறந்தேன்னா கொன்னுடுவேன்னாரு எங்கிட்ட."

திருமுருகன் அந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது முன்பக்கம் பார்த்து மாட்டப்பட்டிருந்தது. டிரைவர் சீட்டைப் பார்த்து. இந்த வயசுக் குழந்தைக்கு அது தப்பு. கழுத்து இன்னும் உறுதிப்படாத குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும்.

அவன் பார்வை போன இடத்தை சுப்பராயன் கவனித்துவிட்டார்.

"தெரியும் நைனா. டப்பா மேல படம் போட்டிருந்தான். நானும் சொன்னேன். 'திருப்பி வெச்சா எம் பேத்தி மொகம் எனக்குக் கண்ணாடியில எப்படிரா தெரியும்'னாரு."

பந்தலிலிருந்து அழகேசன் மறுபடியும் கத்தினார். திருமுருகன் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

வானகரம் போகும் வழியெல்லாம் உள்கண்ணாடியில் அந்த சீட் தெரிந்துகொண்டே இருந்தது. அப்பா எங்கே பார்க்க நினைத்தாரோ, சரியாக அங்கே. நடுவில், வெறுமையாக.

அடுக்ககத்தின் கீழே நிஷா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். அழுது வீங்கிய கண். கதவைத் திறந்தவள் உள்ளே பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"நம்ம சீட்டு மேல வீட்லல்ல இருக்கு? இது?"

"அப்பா வாங்கினது."

அவள் தையலை விரலால் தடவினாள்.

"மாமாவே மாட்டினாரா?"

"ம்."

"முன்னாடி பாத்து இருக்கே."

"தெரியும்."

"திரு, இன்னிக்கு ஒரு நாள் இப்படியே போயிடலாம். நீ மெதுவா ஓட்டு. நான் பக்கத்துல கைய வெச்சுப் புடிச்சுக்கறேன். மாமா ஆசப்பட்டு மாட்டினது. இன்னிக்கா அதப் போய் அவுக்கறது?"

அவன் மனசும் அதையேதான் சொன்னது. மெதுவாகப் போனால் போயிற்று. ஒரே ஒரு நாள்.

ஆனால் பைபாஸில் பார்த்த அந்தப் பெண் கண்முன் வந்தாள். பவ்யா பிறப்பதற்கு முன், ஒரு மழைக்காலத்துக் காலையில், ஆபீசுக்குப் போகும் வழி. முன்பக்கம் நொறுங்கிய கார். சாலையின் நடுத்திட்டில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் மடியில் ஒன்றுமில்லை. இரண்டு கைகள் மட்டும் எதையோ அணைத்தபடியே வளைந்திருந்தன. யாரோ வந்து அந்தக் கைகளைப் பிரிக்கப் பார்த்தார்கள். அவள் விடவில்லை.

இதை அவன் நிஷாவிடம் சொன்னதில்லை. அப்பாவிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அம்பத்தூரில் இதை மட்டும் சொல்லியிருந்தால், அந்த மனுஷன் அங்கேயே, சம்பந்தி வீட்டு வாசலிலேயே, கத்தி கேட்டு வாங்கி கவரை அறுத்திருப்பார். சொல்ல வேண்டியதை வைத்துக்கொண்டு, சொல்லக்கூடாததைச் சொன்னான்.

"நீ போய் நிழல்ல நில்லு. திருப்பி மாட்டிடறேன்."

பெல்ட்டைக் கழற்றுவது சுலபமாக இருந்தது. கயிறுதான் சோதித்தது. ஃபேக்டரியில் வண்டிகளின் மேல் தார்ப்பாயைக் கட்டுகிற முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகியது. நிஷா மேலே போய் ஒரு கத்தரிக்கோலோடு வந்தாள்.

"வேணாம்."

"நேரமாகுது திரு."

"வேணாம்னு சொல்றேன்ல."

நகத்தால் நெம்பினான். பல்லால் கடித்தான். நைலானில் லேசாக கிரீஸ் வாடை அடித்தது. கட்டைவிரல் நகம் சதையோடு பிய்ந்து ரத்தம் வந்தபோது போன் அடித்தது.

"கெளம்பிட்டியாடா?" என்றார் அழகேசன். பின்னால் மேளச் சத்தம்.

"கெளம்பியாச்சு சித்தப்பா. வந்துட்டே இருக்கோம்."

"குளிப்பாட்டி வெச்சாச்சு. ஊரே வாசல்ல நிக்குது. உங்கம்மா எடுக்க உட மாட்டேன்னு பாடையப் புடிச்சுகினு குந்தினு கீறா. சீக்கிரம் வா."

முடிச்சு ஒரு வழியாக விட்டுக்கொடுத்தது. சீட்டைத் திருப்பி வைத்தான். முட்டியை அதன்மேல் ஊன்றி முழு உடம்பின் எடையையும் போட்டு, பெல்ட்டை மிச்சமில்லாமல் இழுத்துப் பூட்டினான். இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். வண்டிதான் ஆடியது. சீட் ஆடவில்லை. பவ்யாவை உட்கார வைத்து, வாரை நெஞ்சோடு சரிசெய்தான். அவள் அவன் விரலில் இருந்த ரத்தத்தை ஆர்வமாகப் பார்த்தாள்.

அவிழ்த்த கயிற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

இப்போது உள்கண்ணாடியில் பிள்ளையின் முகம் இல்லை. சீட்டின் முதுகு மட்டும்தான். பின்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிஷா, குழந்தை தூங்கிவிட்டதாகச் சொன்னாள்.

பூந்தமல்லியைத் தாண்டி, பருத்திப்பட்டு ஏரியை ஒட்டி வண்டி வேகமெடுத்த நேரத்தில்தான் அது நடந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த ஷேர் ஆட்டோ, ஓரத்தில் கை காட்டிய யாருக்காகவோ நடுரோட்டில் சட்டென்று நின்றது. திருமுருகன் பிரேக்கை ஏறி மிதித்தான். டயர் கிறீச்சிட்டது. பால் புட்டி இருந்த பை பறந்து வந்து கியர் கம்பியில் விழுந்தது. நிஷாவின் தோள் முன்சீட்டில் மோதியது. ஆட்டோவின் பின்கம்பிக்கும் பம்பருக்கும் நடுவில் கை நுழையும் இடம்தான் மிச்சம்.

"பவ்யா?" என்றான். திரும்பிப் பார்க்க பயமாக இருந்தது.

"தூங்கறா," என்றாள் நிஷா, தோளைப் பிடித்துக்கொண்டு. "முழிக்கவே இல்ல திரு."

பின்னால் ஹாரன்கள் அலறின. ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்து எதையோ திட்டிவிட்டுப் போனான். திருமுருகன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். சொல்ல வேண்டும் போலிருந்தது. பாத்தியா, ஏறி மிதிச்சேன், சீட்டு ஒரு இஞ்ச் அசையலை என்று உடனே யாருக்காவது சொல்ல வேண்டும். யாருக்கு என்று யோசித்தான். இதைக் கேட்டால் முகம் மலரக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் ஜெயித்தாரா, இவன் ஜெயித்தானா என்று கேட்டுச் சண்டைக்கு வரக்கூடிய ஆளும் அவர்தான்.

கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினான்.

வாசலில் கூட்டம் விலகி வழிவிட்டது. அழகேசன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி வந்தார். "பொணத்தக் காக்க வெச்ச ஒரே புள்ள நீதான்டா," என்றார். பிறகு குழந்தையை எட்டிப் பார்த்து, அதன் கன்னத்தை விரலால் தொட்டுவிட்டு விலகினார்.

பாடையின் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்த சுலோசனா தலையைத் தூக்கினாள். அழுகை வற்றிப்போன கண்கள்.

"திருப்பி வெச்சுதான் இட்டாந்தியா?"

"ஆமாம்மா."

"நீ வந்து திருப்புவன்னாரு." அவள் மகனைப் பார்க்காமல் புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது தப்பா கீதுன்னு எனக்கே தெரியுதேன்னேன். 'இருக்கட்டுமே, அவன் வந்து திட்டிகினே திருப்பட்டும். நான் பக்கத்துல நின்னு எப்பிடித் திருப்பறான்னு பாக்கறேன்'னாரு."

திருமுருகன் சட்டைப் பைமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

நெய்ப்பந்தத்தை நிஷா பிடித்துக்கொண்டாள். பவ்யாவின் குட்டிக் கையை எடுத்து அந்தக் குச்சியின் மேல் வைத்தார்கள். தாத்தாவைப் பாரு, தாத்தாவைப் பாரு என்று நாலு பேர் சொன்னார்கள். அவள் நெருப்பைப் பார்த்தாள். மேளக்காரரைப் பார்த்தாள். மூன்று சுற்றும் முடிந்து, கையிலிருந்து குச்சியை எடுத்தபோது, தரமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்து அழுதாள். அதைப் பார்த்துத்தான் பெண்கள் எல்லாரும் ஒருசேர உடைந்து அழுதார்கள்.

சுடுகாட்டில் தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டான். கொள்ளி வைத்தான். தகன மேடையின் இரும்புக் கதவு மேலிருந்து கீழே இறங்கி மூடியது. அழகேசன் அவன் தோளைப் பிடித்து வாசல் பக்கமாகத் திருப்பினார்.

"நட. திரும்பிப் பாக்கக் கூடாது."

நடந்தான். வெயிலில் மொட்டைத் தலை எரிந்தது. ஈர வேட்டி காலைத் தடுத்தது. திரும்பிப் பார்க்காமல் கேட் வரைக்கும் வந்து, வெளியே நின்ற குட்டியானை சரக்கு வண்டியின் பின்தட்டில் மற்றவர்களோடு ஏறினான். முன்னால் எல்லாரும் நெருக்கி நின்றுவிட்டார்கள். அவனுக்குக் கிடைத்தது கடைசி ஓரம்தான். பின்பலகைமேல் கையை வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தான்.

வண்டி கிளம்பியது. வருவது எதுவும் தெரியவில்லை. எல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து, அவனைக் கடந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு டீக்கடை. சைக்கிளில் போகிற ஒருவர். ஒரு சுவர். அத்தனைக்கும் பின்னால், தகன மேடையின் உயரமான புகைப்போக்கி மட்டும் நகராமல் நின்றது.

"டேய், முன்னால திரும்பிக் குந்துடா," என்றார் அழகேசன். இந்தத் தடவை குரலில் அதட்டல் இல்லை.

"இருக்கட்டும் சித்தப்பா."

அவர் தன் துண்டை உதறி அவன் மொட்டைத் தலைமேல் போட்டார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது. புகை அதிகமில்லை. வெயிலில் அது இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு மெல்லியதாக இருந்தது. கேட் திறந்து வண்டி தண்டவாளத்தில் ஏறி இறங்கியபோது, புகைப்போக்கி ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் போயிற்று. மறுபடியும் வெளியே வந்தது. முன்னைவிடச் சின்னதாக. திருமுருகன் கண்ணை எடுக்கவில்லை.